கடைக்கு ஒரு கட்டடம்: ஒரு தாமதத்தின் வரலாறு

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் மளிகைக் கடையைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். இரவுப் பள்ளி தொடங்கிய கதையையும், முதற்பட்டதாரி உருவான கதையையும் இம்மலரில் பிறர் எழுதியிருப்பர். அவை பெருமைக்குரியவை. நான் எழுத எடுத்துக்கொண்டதோ இன்னும் முடிவு பெறாத ஒரு பணியைப் பற்றியது. கீழ்த்தளத்தில் கூட்டுறவுப் பண்டகசாலை, மேல்தளத்தில் படிப்பகம் என்று நம் பெரியோர் திட்டமிட்ட கட்டடம் நம் குடியிருப்பின் முகப்பில் அரைகுறையாக நின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டுப் பேரவையிலும் தாய்மார்கள் எழுந்து, "கடை எப்போது வரும்?" என்று கேட்கிறார்கள். அக்கேள்விக்குச் செயற்குழுவினர் தரும் விடை ஆண்டுதோறும் மாறுகிறது, கேள்வி மாறவில்லை.

இத்தாமதத்திற்கு நம் சங்கத்தின் குறைபாடு மட்டுமே காரணமா, அன்றி இதற்கு நீண்டதொரு வரலாறு உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடையும் கணக்கும்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நம் முன்னோர் பணத்தைக் கண்ணால் கண்டது அரிது. பண்ணையாளாக உழைத்தவர்க்குக் கூலி தானியமாகவே அளக்கப்பட்டது. கவலை இறைத்துக் கிணற்றுப் பாசனம் நடைபெற்ற காலத்தில், தோற்சால் தைத்தும் செப்பனிட்டும் கொடுத்த அருந்ததிய மக்களுக்கு அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தானியம் கொடுப்பது வழக்கம். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து, ஆலைகள் பெருகி, பின்னர் மின்மோட்டார்கள் கிணறுகளை எட்டியபோது கவலை ஏற்றம் மறைந்தது. அதனோடு சேர்ந்து அத்தானியமும் மறைந்தது. அதன்பின் உப்பு, மிளகாய், எண்ணெய், அரிசி என அனைத்தையும் காசு கொடுத்து வாங்கவேண்டிய நிலை வந்தது.

காசில்லாத நாளில் கடன். கடன் என்றால் கணக்கு. கணக்கை எழுதுபவர் கடைக்காரர்; வாங்குபவரோ எழுத்தறியாதவர். அரைக்கால் படி எண்ணெயும் அரையணா மிளகாயும் வாங்கும் ஏழைக்குச் சில்லறை விலை எப்போதும் மொத்த விலையைவிட அதிகம். பல ஊர்களில் வாங்குபவர் தெருவில் நிற்க வேண்டும். காசைத் தரையில் வைக்க வேண்டும். பண்டம் கையில் படாதபடி போடப்படும். அந்தக் கடைவாசலில் விலை, எடை, கணக்கு, மானம் ஆகிய நான்கிலும் ஒருசேர இழப்பு நேர்ந்தது. எழுத்தறிவு இயக்கம் நம் மக்களிடையே வேரூன்றியதற்குக் கோயில் நுழைவைப் போலவே இந்தக் கடைக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பிள்ளை படித்தால் பற்று வரவு நோட்டைப் படிப்பான் என்பதே பல தாய்மார்களின் முதல் ஆசையாக இருந்தது.

இருபத்தெட்டு நெசவாளர்

கீழே கடை, மேலே படிப்பகம் என்னும் எண்ணம் நம் பெரியோர் கற்பனையில் உதித்ததன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஆலை நகரில் 1844-ஆம் ஆண்டு, கூலி உயர்வுக்குப் போராடித் தோற்ற கம்பளி நெசவாளர்களும் பிற தொழிலாளரும் இருபத்தெட்டுப் பேர் ஒன்று சேர்ந்தனர். வாரம் இரண்டு பென்சு எனச் சிறுகச் சிறுகச் சேமித்து, ஆளுக்கு ஒரு பவுனாக இருபத்தெட்டுப் பவுன் திரட்டினர். டோடு லேன் என்னும் சந்தில் ஒரு பழைய கிடங்கின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தனர். 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாலை கடை திறந்தனர். அன்று அங்கே இருந்த சரக்கு வெண்ணெய், சருக்கரை, மாவு, ஓட்சு மாவு, மெழுகுவத்தி ஆகியவை மட்டுமே. தெருப்பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர்.

அவர்கள் தம் விதிகளில் முதலாவதாக எழுதிவைத்தது கடை. இரண்டாவதாக எழுதிவைத்தது உறுப்பினர்க்கு வீடுகள். கடையும் குடியிருப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும் என்பது அன்றே அவர்கள் கண்ட உண்மை. 1849-இல் அக்கிடங்கு முழுவதையும் வாடகைக்கு எடுத்துச் செய்தித்தாள் அறையும் நூலகமும் அமைத்தனர். பின்னர் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். மளிகைக் கடையின் இலாபத்தில் நூலகம் நடந்த வரலாறு இது.

ஆயினும் வீடுகளைப் பற்றிய விதி ஏட்டிலேயே நெடுங்காலம் இருந்தது. நிலம், கட்டடப் பணிக்கெனத் தனி நிறுவனம் அமைந்தது 1861-இல்தான். அவர்கள் தமக்கெனப் பெரிய மையப் பண்டகசாலைக் கட்டடத்தை எழுப்பியது 1867-இல். கடை திறந்த நாளுக்கும் சொந்தக் கட்டடத்திற்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகள்! உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தாய்வீடே இத்துணைக் காலம் வாடகை இடத்தில் இருந்தது என்பதை அறியும்போது, நாம் சோர்வடைய வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். அவர்களுக்குக் குறைவாக இருந்தது பணம். வாடகைக்கு இடம் கொடுக்க ஒருவர் கிடைத்தார். நமக்கோ பணம் சேர்ந்த பின்னரும் இடம் கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நம் நாட்டு வரலாற்றுக்கு வரவேண்டும்.

சட்டத்தின் வாயில்

இந்தியாவில் 1904-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முதற் கூட்டுறவுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களையே கருத்திற்கொண்டது. பண்டகசாலை, வீடு கட்டும் சங்கம் முதலியவற்றுக்கும் சட்டத்தின் வாயில் அகலத் திறந்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஆயினும் 1904-ஆம் ஆண்டிலேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பண்டகசாலை நடத்தத் தொடங்கி, நாட்டுக்கே முன்னோடியாயிற்று. அதனைத் தொடங்கியோர் படித்த நடுத்தர வகுப்பினர். மாதச் சம்பளம் பெறுவோர் பங்குத்தொகை செலுத்தினர், கடை நின்றது. தானியக் கூலி பெறுவோரால் அவ்வாறு இயலவில்லை.

நிலத்தின் வாயில்

நம் மக்கள் கூட்டுறவுக்குள் நுழைந்தது பெரும்பாலும் கடையின் வழியாக அன்று, மனையின் வழியாக. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படும் அவை பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் வரை இருந்தன என்பர். பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும், அவற்றுள் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று.

குடியிருந்த குடிசையின் அடிநிலமும் நமதாக இருக்கவில்லை. நிலக்கிழார் நிலத்தில் குடியிருந்தவர் கூலி உயர்வு கேட்ட மறுநாளே வெளியேற்றப்படலாம். ஆதலால், 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்கு மனைநிலம் தேடித்தரும் பணியை மேற்கொண்டது. மனை வேண்டுவோர் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேரவேண்டும். அரசு நிலத்தைக் கையகப்படுத்தித் தரும். விலையை உறுப்பினர் பல ஆண்டுத் தவணைகளில் திருப்பிச் செலுத்தவேண்டும். நல்ல திட்டமே. ஆனால் ஒன்றை நோக்குக. அடுத்த தெருவினர் குடியிருந்த நத்தம் அவர்களுக்குப் பரம்பரையாக வந்தது. நாம் மட்டும் குடியிருக்கும் இடத்தை விலை கொடுத்து, அதுவும் கடன்பட்டு வாங்கவேண்டியிருந்தது. அத்தகைய மனைநிலத்தில் வீட்டுக்கே இடம் போதவில்லை. கடைக்கும் படிப்பகத்திற்கும் பொதுவிடம் ஒதுக்க யாருக்கு மனம் வரும்? இன்றும் நம் குடியிருப்புகள் பலவற்றில் பொதுக் கட்டடத்திற்கு இடமில்லாமற் போனதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

தெருவின் வாயில்

நிலம் கிடைத்தாலும் கடைக்குச் செல்லத் தெரு வேண்டும். 1924 ஆகஸ்டு 22-ஆம் நாள் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுக் காரியங்கள் நடைபெறும் இடங்கள் ஆகியவற்றில் எவர் செல்வதற்கும் தடையில்லை என்பது அதன் கருத்து. அதனை ஏற்று அவ்வாண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் அரசாணை வெளிவந்தது. ஆணை வந்தும் நடைமுறை வரவில்லை. தடுப்போர்க்குத் தண்டனை இல்லாத ஆணையாக அது இருந்தமையே காரணம். அக்குறையைப் போக்கப் பாடுபட்டவர் நம் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் என்பது நமக்குப் பெருமை தருவது. சட்டசபை உறுப்பினராயிருந்த அவர் முயற்சியால், பொதுவிடங்களில் தடை செய்வோர்க்கு அபராதம் விதிக்க வகைசெய்யும் திருத்தம் உள்ளாட்சிச் சட்டத்தில் 1920-களிலேயே இடம்பெற்றது. அவர் பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, சாதி முதலிய காரணங்களால் எவர்க்கும் மறுக்கலாகாத இடங்களை எண்ணிச் சொல்கிறது. அப்பட்டியலில் முதலாவதாக நிற்கும் சொல் 'கடைகள்' என்பதாகும். அதன்பின்னரே உணவு விடுதிகளும், தங்கும் விடுதிகளும், கேளிக்கை இடங்களும், கிணறு குளங்களும், சாலைகளும் வருகின்றன. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவுக் குழு ஆக்கிய சட்டத்தில் கடை இவ்வாறு இடம்பெற்றது சிறு செய்தியன்று. கடைவாசலில் நின்றவர் பட்ட அவமானத்தை அறிந்தோர் அதன் பொருளை உணர்வர். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடைக்குள் நுழையத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று.

பங்கீட்டுக் கடையின் காலம்

இரண்டாம் உலகப் போரின்போது, வங்கப் பஞ்சம் கண்ட 1943-ஆம் ஆண்டையொட்டி, சென்னை மாகாணத்திலும் உணவுப் பங்கீடு வந்தது. 1952-இல் இராசாசி அமைச்சரவை கட்டுப்பாடுகளை நீக்கியது. சீனப் போர் நிகழ்ந்த 1962-ஆம் ஆண்டில் நுகர்வோர் கூட்டுறவை வளர்க்க நடுவண் அரசு திட்டம் வகுத்தது. கோவையில் 'சிந்தாமணி' என்னும் பெயர் கொண்ட கூட்டுறவுப் பண்டகசாலையை அறியாதார் இலர். வடகோவையில் அப்பெயர் ஓர் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. 1967-இல் அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்றதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் முதற்கண் தொடங்கப்பெற்றது சென்னையிலும் கோவையிலுமே. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. வறியவர், வறியரல்லாதார் என்று பிரிக்காமல் எல்லார்க்கும் அட்டை வழங்கும் முறையைத் தமிழ்நாடு காத்து வருவது பாராட்டுக்குரியது. நம் வீடுகளில் பசி தணிந்ததற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் அரிசி வந்த கடை எங்கே அமைந்தது? சுகதேவ் தோரட், ஜோயல் லீ ஆகியோர் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 531 சிற்றூர்களின் நிலையை எடுத்துரைத்தது. பங்கீட்டுக் கடைகள் பெரும்பாலும் ஆதிக்க வகுப்பினர் வாழும் பகுதிகளிலேயே அமைந்திருந்தன என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. கடையின் இருப்பிடமே ஒரு தடையாகிவிடும் என்பதை அவ்வாய்வு விளக்கியது. தெரு சட்டப்படி பொது. ஆயினும் அத்தெருவின் கோடியில் சரக்கு வரும் நாளை முதலில் அறிபவர் யார்? வரிசையில் முந்துபவர் யார்? எடை குறைந்தால் உரத்துக் கேட்கும் துணிவு எவர்க்கு வரும்? இடத்தைப் பொறுத்தே இவற்றுக்கு விடை அமைகிறது.

கட்டடம் ஏன் தாமதமாகிறது?

இனி, நாம் கண்கூடாகக் கண்ட ஒன்றைக் கூறுவேன். நம் பண்டகசாலைக்குரிய இடம் புறம்போக்கு என்று பெரியோர் கண்டறிந்து விண்ணப்பித்தனர். ஓர் அலுவலகம் நில வகைமாற்றம் வேண்டும் என்றது. இன்னோர் அலுவலகம் ஊராட்சித் தீர்மானம் இல்லாமல் வகைமாற்றம் இல்லை என்றது. தீர்மானம் கூட்டப் பொருளில் சேர்வதற்கே நாளாயிற்று. சேர்ந்தபின், அவ்விடம் வண்டிப்பாதை என்று மறுப்பு எழுந்தது. வண்டி ஒருநாளும் சென்றறியாத இடம் அது. மறுப்பு நீங்கியபோது, ஒதுக்கிய நிதி அந்த நிதியாண்டு கழிந்து திரும்பிப் போயிருந்தது. புதிய மதிப்பீடு தயாரித்தபோது சிமெண்டும் கம்பியும் விலை ஏறியிருந்தன. எனவே, இருந்த பணத்திற்குத் தூண்கள் மட்டும் எழுந்தன. துருவேறிய கம்பிகள் வானை நோக்கி நிற்கின்றன. அவற்றில் இப்போது துணி உலர்கிறது; ஆடு கட்டப்படுகிறது.

இதில் எவரையும் தனித்துக் குற்றஞ்சாட்ட இயலாது என்பதே இதன் கொடுமை. ஒவ்வோர் அலுவலரும் தம் விதிப்படியே நடந்ததாகக் கூறுவர். மறுப்புத் தெரிவித்தவரும் சட்டப்படி மறுத்ததாகவே கூறுவர். அக்காலத்தில் 'நீ உள்ளே வராதே' என்று வாயால் சொன்னார்கள். அதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. 'கோப்பு நிலுவையில் உள்ளது' என்று சொல்வதற்குத் தண்டனை இல்லை.

இதற்கிடையில் விலை கொடுப்பவர் யார்? நம் குடியிருப்புக்குக் கடை இல்லாமையால், பொருள் வழங்கும் நாளில் பெண்கள் ஊருக்குள் சென்று காத்திருக்கிறார்கள். அன்றைய கூலி போகிறது. மூட்டையைத் தலையில் சுமந்து திரும்ப முடியாத முதியோர், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் துணைக்கு அழைத்துச் செல்கிறார்கள். இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவந்த ஆசிரியன் என்ற முறையில் சொல்லுகிறேன்: பொருள் வழங்கும் நாட்களில் பிள்ளைகளின் வருகை குறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கல்விச் சங்கத்தின் மலரில் கடையைப் பற்றி எழுதியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கவை

வரலாற்றைப் படிப்பது புலம்புவதற்கன்று. மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கடமைகள் புலனாகின்றன.

முதலாவது, நிலத்தின் உரிமை. கட்டடத்தைப் பற்றிப் பேசுமுன் அடிநிலம் சங்கத்தின் பெயருக்கு வரவேண்டும். ஒருவர் நன்கொடையாக இடம் தருவதாக வாய்மொழியாகச் சொன்னால் நன்றி கூறுவோம். ஆனால் பதிவு ஆகும்வரை அடிக்கல் நாட்டோம். பஞ்சமி நிலம் கைமாறிய வரலாற்றை நம் இளைஞர்கள் கற்று, வருவாய்ப் பதிவேடுகளைத் தாமே படித்தறியும் ஆற்றல் பெறவேண்டும்.

இரண்டாவது, கட்டடத்திற்காகக் கடையை நிறுத்திவைக்கலாகாது. ராச்டேல் நெசவாளர் வாடகைக் கிடங்கில் ஐந்து பண்டங்களோடு தொடங்கினர். அதுவும் வாரத்தில் சில மாலைகள் மட்டுமே. நம்மிடையே ஒரு வீட்டுத் திண்ணை கிடைக்காமலா போகும்? அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சோப்பு ஆகியவற்றை மொத்த விலைக்கு வாங்கி, ரொக்கத்திற்கே விற்று, சரியான எடை போட்டு, ஆதாயத்தை வாங்கியவர்க்கே பகிர்ந்தளிக்கலாம். கணக்கை நம் பள்ளியில் படித்த பெண்களே எழுதட்டும். ஒருகாலத்தில் நம் தாய்மார்களால் படிக்க முடியாதிருந்த அதே பற்று வரவு நோட்டு, அவர்தம் பெண்மக்கள் கையால் எழுதப்படட்டும். ஆனால் திண்ணைக் கடை நடக்கிறதே என்று கட்டடக் கோரிக்கையைக் கைவிடலாகாது. திண்ணை ஒருவர் விருப்பத்தைப் பொறுத்தது. சொந்த இடம் எவர் விருப்பத்தையும் பொறுத்ததன்று.

மூன்றாவது, கோப்பின் வரலாற்றை எழுதிவைத்தல். எந்த நாளில் எவ்விண்ணப்பம் கொடுக்கப்பட்டது, என்ன விடை வந்தது, எந்நாளில் நிதி திரும்பியது என்பவற்றை ஒரு பதிவேட்டில் நாள் தவறாமல் எழுதி, ஆண்டுப் பேரவையில் படிக்கவேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு அளித்துள்ள வாய்ப்பையும் பயன்படுத்திக்கொள்ளவேண்டும். தாமதத்திற்கு நாளும் கிழமையும் எழுதிவைத்தால், அது விதியின் செயல் என்று எவரும் சொல்ல இயலாது.

இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறது. அவர்களுள் பலர் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் அலுவலில் இருக்கிறார்கள். விழாவுக்கு வருகை தரும் அவர்கள், பந்தலுக்குச் செல்லும் வழியில் அத்தூண்களைச் சற்று நின்று பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். ராச்டேலில் சேர்ந்தது ஆளுக்கு ஒரு பவுன். நம்மில் உழைத்துச் சம்பாதிப்போர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருநாள் ஊதியத்தைத் தந்தால், நிதியாண்டு கழிந்தும் திரும்பிப் போகாத பணம் நம்மிடம் சேரும். மேல்தளம் எழும்வரை படிப்பகம் கடைத் திண்ணையிலேயே நடக்கட்டும். விளக்கைக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.